தன்மையச் சிந்தனை: சுயநலத்திலிருந்தும் தலைக்கனத்திலிருந்தும் பிரித்தறிவது எப்படி, திருத்துவது எப்படி

"வாசலில் நிற்கிறேன், சீக்கிரம் வா" என்று ஒருவர் போனில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். கட்டடத்துக்கு மூன்று வாசல். அவர் மனத்தில் இருப்பது ஒன்றுதான். கேட்பவருக்கும் அதே வாசல்தான் தோன்றும் என்று அவர் நினைக்கக்கூட இல்லை, தானாகவே அப்படி எடுத்துக்கொண்டுவிட்டார். இதில் சுயநலம் இல்லை, திமிர் இல்லை. தனக்குத் தெரிவது எதிராளிக்கும் தெரியும் என்று மனம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். தன்மையச் சிந்தனை என்று சொல்வது இதைத்தான்.

"அவன் தன்னைப் பத்தி மட்டும்தான் யோசிப்பான்" என்ற ஒரே வாக்கியத்தில் நாலைந்து வெவ்வேறு குணங்களை நாம் மூட்டை கட்டிவிடுகிறோம். பிரிக்காமல் விட்டால் மருந்து மாறிப்போகும். கவனிக்கத் தவறியவரைத் திட்டினால் அவர் திகைப்பார். தெரிந்தே செய்தவருக்கு விளக்கம் சொன்னால் உள்ளுக்குள் சிரிப்பார்.

பிரிப்பதற்கு மூன்று கேள்விகள் போதும். அடுத்தவர் நிலை இவருக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அதைப் பற்றி அக்கறை இருக்கிறதா? தன்னை அடுத்தவருக்கு மேலே வைத்துப் பார்க்கிறாரா? முதலாவது பார்வை, இரண்டாவது அக்கறை, மூன்றாவது மதிப்பு. தன்மையச் சிந்தனை முதல் கேள்வியில் மட்டும் தோற்பது.

குழந்தையோடு முடிந்துவிடுவதில்லை

இந்தக் கருத்தை உளவியலில் நிலைநிறுத்தியவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. அவரும் பெர்பல் இன்ஹெல்டரும் 1948இல் வெளியிட்ட ஆய்வில், மேசைமேல் மூன்று மலைகளின் மாதிரியை வைத்து, எதிர்ப்பக்கம் இருக்கும் பொம்மைக்கு அவை எப்படித் தெரியும் என்று குழந்தைகளைக் கேட்டார்கள். நாலு வயதுக் குழந்தைகள் தங்களுக்குத் தெரியும் காட்சியையே காட்டினார்கள். ஏழெட்டு வயதில்தான் விடை சரியாக வரத் தொடங்கியது.

கேள்வியின் கடினமும் இதில் கலந்திருந்தது. 1975இல் மார்ட்டின் ஹியூஸ் இதையே எளிமையாக்கினார். குறுக்குச் சுவர்களுக்கு நடுவே ஒரு பொம்மையை, இரண்டு போலீஸ் பொம்மைகளின் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க வேண்டும். மூன்றரை முதல் ஐந்து வயதுக் குழந்தைகளே 90 சதவீத அளவுக்குச் சரியாகச் செய்தார்கள். ஒளிந்து விளையாடத் தெரிந்த குழந்தைக்கு, "அவனுக்கு என்னைத் தெரியாது" என்ற கணக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

பெரியவர்களுக்கு உறைக்க வேண்டிய செய்தி 2004இல் வந்தது. சில பொருள்கள் தன் கண்ணுக்கு மறைந்திருக்க, எதிரில் இருப்பவர் ஒரு பொருளை எடுக்கச் சொல்லும்போது கேட்பவரின் கண் முதலில் எங்கே போகிறது என்று நிக்கோலஸ் எப்லியும் உடன் ஆய்வாளர்களும் அளந்தார்கள். குழந்தை, பெரியவர் இருவர் கண்ணும் முதலில் தன் பார்வைக்குப் பொருந்தும் பொருளுக்கே ஓடியது. பெரியவர் அதை விரைவாகத் திருத்திக்கொண்டார், வித்தியாசம் அங்கேதான். ஆக, வயது ஏறியதும் இந்தச் சிந்தனை உதிர்ந்துவிடுவதில்லை. மேலே ஒரு திருத்தம் சேர்கிறது. அவசரம், களைப்பு, பதற்றம், ஒரே நேரத்தில் பல வேலை என்று எது வந்தாலும் முதலில் விழுவது அந்தத் திருத்தம்தான். நல்ல மனிதர் மாதக் கடைசி வேலை நெருக்கடியில் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பதற்குப் பெரும்பாலும் இதுவே விடை.

எதிலிருந்தெல்லாம் பிரிக்க வேண்டும்

அதிகம் குழப்பிக்கொள்வது சுயநலத்தோடு. சுயநலக்காரர் உங்கள் தேவையைப் பார்க்கிறார், எடை போடுகிறார், தன் தேவையை முன்னால் வைக்கிறார். அடுத்தவர் மனத்தைப் படிக்கும் திறன் அவருக்குக் குறைவாக இருக்க வேண்டியதில்லை. ஏமாற்றிப் பிழைப்பவருக்கு அது மிக நன்றாகவே இருக்கும், இல்லாவிட்டால் ஏமாற்ற முடியாது. மறுபக்கம் பாருங்கள்: கேட்காமலே அள்ளிக் கொடுப்பவர், பிறருக்காக ஓடி ஓடி உழைப்பவர் தன்மையச் சிந்தனையில் முழுகிக் கிடக்கலாம். தனக்குப் பிடித்ததையே பரிசாகத் தருவார். தனக்கு ஆறுதல் தந்த அறிவுரையையே எல்லாருக்கும் சொல்வார். தனிமை வேண்டும் என்று இருப்பவரை விடாமல் பேசிப் பேசித் தேற்றுவார். நெஞ்சில் குறை இல்லை. ஆனால் கொடுக்கப்படுபவர் யார் என்றே அவர் பார்க்கவில்லை. வீடுகளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பங்கு இந்த வகையென்று எங்களுக்குத் தோன்றுகிறது. இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே என்று ஒருவர், ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று இன்னொருவர்.

தலைக்கனம் மூன்றாவது கேள்வியைச் சேர்ந்தது. அவருக்கு உங்கள் கருத்து தெரியும். அது கீழானது என்று முடிவு கட்டியிருக்கிறார், அவ்வளவே. தன்மையச் சிந்தனைக்காரருக்கோ வேறு கருத்து ஒன்று உண்டு என்பதே செய்தி. "எல்லாருக்கும் இதுதானே பிடிக்கும்?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்பார். இந்த ஆச்சரியம் நல்ல அடையாளம். தலைக்கனம் பிடித்தவர் ஆச்சரியப்படமாட்டார், அலட்சியப்படுத்துவார்.

நார்சிசம், அதாவது மிகையான தன்மோகம் என்ற சொல் இப்போது வாய்க்கு வாய் புழங்குகிறது. முன்னாள் காதலர், மேலதிகாரி, மாமியார் எல்லாரும் நார்சிசிஸ்ட். கொஞ்சம் நிதானம் வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, நார்சிச ஆளுமைக் கோளாறுக்கு 9 அளவுகோல்களை வைத்து, குறைந்தது 5 பொருந்த வேண்டும் என்கிறது. அதுவும் இளவயதிலேயே தொடங்கி, பல சூழல்களில் நீடித்துத் தெரிய வேண்டும். பெருமைக் கற்பனை, ஓயாத பாராட்டுத் தேவை, தனக்கு விசேஷ உரிமை உண்டென்ற எண்ணம், பிறரைப் பயன்படுத்திக்கொள்ளுதல், பொறாமை ஆகியவை அதில் அடங்கும். பரிவு பற்றிய அளவுகோலின் சொற்கள் கவனிக்கத் தக்கவை: பிறர் உணர்வையும் தேவையையும் அடையாளம் காண 'விருப்பமில்லை' என்கிறது, 'இயலவில்லை' என்று சொல்லவில்லை. நம் முதல் கேள்விக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உள்ள கோடு அதுவே. கோளாறு அளவுக்குப் போகாத நார்சிசப் போக்கும் உண்டு. அதை அளக்க 1988 முதல் 40 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் பயன்படுகிறது. அதில் அதிக மதிப்பெண் வாங்கினால் அது போக்கு, நோயல்ல.

யாரும் எதிர்பார்க்காத உறவுக்காரர் ஒருவர் இந்தக் குடும்பத்தில் இருக்கிறார்: கூச்சம். கூட்டத்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் தன்னையே பார்ப்பதாக நினைத்துக் குறுகிப்போகிறவருக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த எண்ணம் கிடையாது. இருந்தும் அவர் சிந்தனையின் நடுவில் நிற்பது அவரேதான். 2000இல் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும், போட்டுக்கொள்ளவே சங்கடமான படம் போட்ட டீ-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள் போட்டவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. பதின்வயதில் இது உச்சத்தில் இருக்கும். டேவிட் எல்கைண்ட் 1967இல் இதற்குக் கற்பனைப் பார்வையாளர் கூட்டம் என்று பெயர் வைத்தார். முகப்பரு வந்த பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால் அது அழகு மோகம் அல்ல, அந்தக் கூட்டத்துக்குப் பயம். மனச்சோர்விலும் எண்ணம் தன்னையே சுற்றி வரும். இவர்களிடம் "உன்னைப் பற்றியே யோசிக்காதே" என்றால் குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டு சுற்று இன்னும் இறுகும்.

உள்முக இயல்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 1921இல் கார்ல் யுங் அச்சொல்லைப் பரப்பியபோது பேசியது மனத்தின் ஆற்றல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பற்றி. பேசாமல் ஓரமாக இருப்பவர் கூட்டத்தில் ஒவ்வொருவர் மனமும் அறிந்தவராக இருக்கலாம். ஆட்டிசத்தையும் அவசரப்பட்டு இதில் சேர்க்கக் கூடாது. பிறர் மனத்தை ஊகிப்பதில் உள்ள சிரமம் ஒருபக்கக் குறை அல்ல, ஆட்டிசம் இல்லாதவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களைப் படிக்கத் தவறுகிறார்கள் என்று டேமியன் மில்ட்டன் 2012இல் எழுதினார். இவரும் ஆட்டிசம் உள்ளவரே.

பிரித்தறியும் சோதனை

நடத்தையை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். இரவு பதினொரு மணிக்குச் சத்தமாகப் பாட்டு வைக்கிறார் என்றால், கவனிக்காதவரா, கவலைப்படாதவரா, தனக்கு அந்த உரிமை உண்டென்று நினைப்பவரா? சொல்லிப் பார்க்காமல் தெரியாது. எப்படிச் சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரே செயலை எடுங்கள்; குணத்தைப் பேசாதீர்கள். செயல், அதனால் உங்களுக்கு ஆனது, உங்களுக்கு வேண்டியது என்று மூன்றும் இரண்டு வாக்கியத்துக்குள் வர வேண்டும். "பதினொரு மணிக்குப் பாட்டு சத்தமாக இருந்ததால் குழந்தை தூங்கவில்லை. பத்துக்கு மேல் ஹெட்போனில் கேட்க முடியுமா?" இவ்வளவு போதும். "எப்பவும்", "ஒருநாளும்", "உனக்கு என்ன கவலை" ஆகிய மூன்றில் எது வாயில் வந்தாலும் சோதனை கெட்டது. பிறகு அவர் காட்டுவது தற்காப்பு, குணம் அல்ல.

இனி கவனியுங்கள். "அய்யோ, கேட்குமா? தெரியவே இல்லை" என்று திடுக்கிட்டு, அடுத்த சில நாள் திருத்திக்கொண்டால் பார்வைக் குறைதான். மறுபடி மறக்கலாம், மறந்ததும் நினைவூட்டினால் மறுபடி திடுக்கிடுவார். கேட்டுக்கொண்டு, தலையாட்டி, தனக்குச் செலவில்லாத அளவுக்கு மட்டும் மாறினால் சுயநலத்தின் பக்கம் சாய்கிறது. "நான் என்ன நேரத்துக்குப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று நீ சொல்வதா?" என்று பேச்சு சத்தத்தைவிட்டு அந்தஸ்துக்குத் தாவினால் மூன்றாவது கேள்விக்குள் வந்துவிட்டோம். கூச்சக்காரரோ தேவைக்கு மேல் மன்னிப்புக் கேட்டு, பிறகு பல நாள் உங்களைத் தவிர்ப்பார்.

ஒரே தடவையில் தீர்ப்பு எழுத வேண்டாம். வெவ்வேறு விஷயங்களில், வெவ்வேறு நாட்களில், குறைந்தது மூன்று முறை. அதில் ஒரு முறையாவது அவர் களைப்பில்லாத நேரமாக இருக்க வேண்டும்.

உங்களிடமே இருக்கிறதா என்று பார்க்க

இருக்கிறது. எவ்வளவு, எங்கே என்பதே கேள்வி.

முதல் அளவுக்கு இரண்டு தாளும் இரண்டு பேனாவும். கூட வாழ்பவரும் நீங்களும், அல்லது சேர்ந்து வேலை பார்க்கும் இருவர், பத்து வேலைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றிலும் தன் பங்கு எத்தனை சதவீதம் என்று தனித்தனியே எழுதுங்கள். எழுதும்போது பேசக் கூடாது. பட்டியலில் இரண்டு வேண்டாத விஷயங்களும் இருக்கட்டும்: சண்டையைத் தொடங்குவது, பொருளைத் தொலைப்பது போல. பிறகு கூட்டுங்கள். பல வரிகளில் கூட்டல் 100ஐத் தாண்டும். மைக்கேல் ராஸும் ஃபியோரே சிகோலியும் 1979இல் கணவன் மனைவியரிடம் கண்டது இதுதான். வேண்டாத விஷயங்களிலும் கூட்டல் தாண்டியதுதான் அதில் முக்கியமான செய்தி. பெருமை அடித்துக்கொள்வது மட்டும் காரணமென்றால் கெட்ட விஷயத்தில் பங்கு குறைந்திருக்க வேண்டுமே? தான் செய்தது தனக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது, காரணம் அங்கே இருக்கிறது. இந்தத் தாளைச் சண்டைக்கு ஆதாரமாக்காமல், 130 வந்த வரியில் "நான் பார்க்காத 30 எது?" என்று கேட்கப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, பேச்சைக் கவனிப்பது. சமூகவியலாளர் சார்ல்ஸ் டெர்பர் பதில்களை இரண்டாகப் பிரித்தார்: பேச்சைத் தன் பக்கம் இழுப்பது, பேசியவரிடமே விட்டுவைப்பது. "முதுகு வலிக்கிறது" என்றால் "எனக்கும் போன வாரம் இப்படித்தான்" என்பது இழுப்பு. "எப்போதிலிருந்து?" என்பது விடுதல். இழுப்பது எல்லாம் குற்றமில்லை. தன் அனுபவத்தைச் சொல்வதும் நெருக்கம்தான். ஒரு பத்து நிமிடப் பேச்சில் முதல் இரண்டு பதிலை மட்டுமாவது கேள்வியாக வைத்துப் பாருங்கள். அது எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதே உங்கள் அளவு.

திருத்தும் வழி

"அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்" என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர் இடத்துக்குப் போவதும் நீங்கள்தானே? உங்கள் விருப்பு வெறுப்பையும் கையோடு கொண்டுபோகிறீர்கள். தால் எயல், மேரி ஸ்டெஃபெல், எப்லி மூவரும் 2018இல் 25 சோதனைகளை வெளியிட்டார்கள்: பிறர் நிலையைக் கற்பனை செய்வதால் ஊகம் துல்லியமாகவில்லை, அவரையே கேட்டுத் தெரிந்துகொண்டபோது துல்லியமானது. கற்பனை பயனற்றது என்று பொருளல்ல, மனத்தை இளக்கும், கோபத்தைத் தணிக்கும். தகவலுக்கு அது வழியல்ல. ஆகவே முதல் கருவி கேள்வி. அதுவும் ஆம் இல்லை என்று முடியாத கேள்வி: "இது உனக்குச் சரிதானே?" என்று கேட்டால் சரி என்றுதான் பதில் வரும். "இதில் உனக்கு எது இடிக்கிறது?" என்று கேளுங்கள்.

கேட்க ஆளில்லாத இடத்தில், எழுதும்போது, வேறு வழி. 1990இல் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் ஆய்வில், தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்டச் சொல்லி, கேட்பவரைப் பாட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்றார்கள் தட்டியவர்கள். தட்டிய 120இல் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவர் காதுக்குள் மெட்டு ஓடுகிறது. கேட்பவருக்கு டொக் டொக்தான். செய்முறைக் குறிப்பு, வழி சொல்வது, வேலையை ஒப்படைக்கும் கடிதம் எல்லாவற்றிலும் இந்த மெட்டுதான் எதிரி. எழுதி ஒரு இரவு வைத்து, காலையில் படியுங்கள். பிறகு விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "புரிகிறதா?" என்று கேட்காமல், படித்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது, தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் "அது", "அங்கே", "வழக்கம்போல", "சும்மா" ஆகிய சொற்களில்தான் தயங்குவார். அவற்றுக்குப் பதில் பெயரும் எண்ணும் போடுங்கள்.

கிண்டலை மெசேஜில் எழுத வேண்டாம் என்பது சின்ன விதி, பெரிய பலன். 2005இல் ஜஸ்டின் க்ரூகர் குழு செய்த ஆய்வில், தாங்கள் கிண்டலாக எழுதியதா, மெய்யாக எழுதியதா என்பது மின்னஞ்சலில் 78 சதவீதம் புரியும் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். புரிந்தது 56. காசு சுண்டிப் போட்டாலே 50 வரும்.

கோபத்தில் இருக்கும்போது கேள்வியும் வராது, தாளும் உதவாது. அப்போது உதவுவது இலக்கணம். நடந்ததை உங்களுக்குள் சொல்லும்போது தன்மையை விட்டுப் படர்க்கைக்கு மாறுங்கள்: "என்னை ஏன் அவமதித்தான்" என்பதை, உங்கள் பெயரைப் போட்டு, "இவளுக்கு ஏன் கோபம் வந்தது, அவனுக்கு அப்போது என்ன தெரிந்திருந்தது" என்று. இப்படிப் பேசிக்கொள்வது பதற்றத்தைக் குறைப்பதை ஈதன் க்ராஸ் குழு 2014இல் காட்டியது. தமிழுக்கு இன்னொரு வசதியும் உண்டு. "நாம் போகலாம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அது நாமா, நாங்களா, நானா என்று ஒரு நொடி பாருங்கள். எதிராளியைக் கேட்காமலே உள்ளே இழுத்துப்போட்ட 'நாம்' எத்தனை என்று தெரியும்.

எங்கே சறுக்கும்

நெருக்கமானவரிடம்தான் அதிகம் சறுக்கும். அந்நியரிடம் விளக்கிச் சொல்வோம். கூட வாழ்பவருக்கு "தெரியாதா என்ன" என்று பாதியை விழுங்கிவிடுவோம். கென்னத் சவிட்ஸ்கி குழு 2011இல் வெளியிட்ட ஆய்விலும், துணையோ நண்பரோ எதிரில் இருந்தபோதுதான் தங்கள் பேச்சு புரிந்துவிட்டதாகக் கூடுதலாக நம்பினார்கள். உண்மையில் புரிந்ததோ அந்நியருக்குப் புரிந்த அளவுதான். மருந்து எடுக்கும் நேரம், பணம், சாவி, பிள்ளையை அழைத்துவருவது ஆகிய நான்கையும் வீட்டிலும் அந்நியரிடம் சொல்வதுபோல முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பதவி. ஆடம் கலின்ஸ்கி குழு 2006இல், அதிகாரம் செலுத்திய நினைவை எழுதவைத்தபின் தங்கள் நெற்றியில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை வரையச் சொன்னது. தனக்குச் சரியாகவும் எதிரே நிற்பவருக்கு இடவலம் மாறியும் தெரியும்படி வரைந்தவர்கள், அதிகாரத்துக்கு ஆட்பட்ட நினைவை எழுதியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. மேலதிகாரிக்கு ஒரு நடைமுறை: கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். முதலில் பேசிவிட்டால் பிறகு காதில் விழுவதெல்லாம் உங்கள் குரலின் எதிரொலி.

மூன்றாவது சறுக்கல் திருத்த முயல்பவருக்கே வருவது. எதற்கெடுத்தாலும் "நான் தன்மையமாக யோசிக்கிறேனோ" என்று தன்னையே நோண்டத் தொடங்குவது. கவனம் மறுபடி உள்ளேதான் போகிறது. சோதனையை வாரத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். மற்ற நேரம் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தால் போதும். எல்லாவற்றுக்கும் இணங்கிப்போவதும் தீர்வல்ல. பார்வையைத் திருத்தியபின் "உன் தேவை புரிகிறது, ஆனாலும் இன்று முடியாது" என்று சொல்வதில் தவறில்லை.

சோதனையை மூன்று முறை செய்தும் எதிராளி ஒவ்வொரு முறையும் உங்களையே குற்றவாளியாக்கினால், மிரட்டினால், பணத்தையோ போக்குவரத்தையோ கட்டுப்படுத்தினால், அது இந்தக் குறிப்பின் எல்லைக்கு வெளியே. பக்குவமாகச் சொல்லும் முறையை மேலும் மெருகேற்ற வேண்டியதில்லை. நம்பகமான ஒருவரிடமும் தகுதி பெற்ற ஆலோசகரிடமும் சொல்லுங்கள். கூச்சமோ சோர்வோ வேலை, படிப்பு, தூக்கம் ஆகியவற்றை இரண்டு வாரத்துக்கு மேல் கெடுத்தாலும் அப்படியே. அங்கே போகும்போது குணப்பெயர் எதையும் கொண்டுபோக வேண்டாம். நடந்தது என்ன, எந்தத் தேதி, யார் என்ன சொன்னார்கள் என்று நாலு நிகழ்ச்சியை எழுதிக்கொண்டு போங்கள்.